பட்டா ஒரு பெயரில், பத்திரம் ஒரு பெயரில்

ஒரு மனிதன் தன் பாட்டனார் உழுத நிலத்தைத் தானும் உழுது, அதற்குரிய தீர்வையை ஆண்டு தவறாமல் செலுத்தி, கிரயப் பத்திரத்தைத் தகரப் பெட்டியில் பூட்டிவைத்து, வில்லங்கம் என்ற பேச்சுக்கே இடமில்லாமல் அறுபது வருஷம் அனுபவித்து வந்த பிறகும், "இந்த நிலம் உன்னுடையதுதான், இதற்கு நாங்கள் பொறுப்பு" என்று அவனுக்கு எழுதிக் கொடுக்கக்கூடிய அலுவலகம் இந்தத் தேசத்தில் எங்கும் இல்லை. சார்பதிவாளர் ஆவணத்தைப் பதிகிறார். அந்த ஆவணத்தை எழுதிக் கொடுத்தவருக்கு அந்த நிலத்தில் பாத்தியதை உண்டா என்பதற்கு அவர் உத்தரவாதம் தருவதில்லை. தாசில்தார் தீர்வை செலுத்த வேண்டியவர் யார் என்று கணக்கில் எழுதுகிறார். உடையவர் யார் என்று தீர்ப்புச் சொல்ல அவருக்கு அதிகாரம் கிடையாது. அந்த அதிகாரம் நியாயஸ்தலத்துக்கே உரியது. நியாயஸ்தலமோ, யாரேனும் ஒருவர் பிராது கொடுத்து, கட்டணம் செலுத்தி, எதிராளியைக் கூண்டுக்கு இழுத்த பிறகுதான் வாய் திறக்கும். திறந்தாலும், அந்த வழக்கின் கட்சிக்காரர்களுக்கும் அவர்கள் வழிவந்தவர்களுக்கும் இடையில்தான் அதன் வார்த்தை செல்லும்.

ஆகவே நமது மாவட்ட முன்சீப் கோர்ட்டுகளின் தாழ்வாரங்களில், மஞ்சள் பையும் மூக்குக் கண்ணாடியுமாக வாய்தாவுக்குக் காத்திருக்கும் கிராமத்து ஜனங்கள் நிரம்பியிருப்பதில் வியப்பில்லை. பெங்களூருவைச் சேர்ந்த தக்ஷ் என்ற அமைப்பு 2016-ல் வெளியிட்ட ஆய்வில், சிவில் வழக்காடுவோரில் ஏறத்தாழ 66 சதவீதத்தினர் நிலமும் சொத்தும் பற்றிய விவகாரங்களுக்காகவே நீதிமன்றத்துக்கு வந்திருந்தார்கள். இந்த ஜனங்களைச் சண்டைக்காரர்கள் என்றும், வரப்புத் தகராறுக்காக வாழ்நாளைத் தொலைப்பவர்கள் என்றும் பட்டணத்தார் பேசக் கேட்டிருக்கிறேன். அது அநியாயமான பேச்சு. இவர்களில் பலர் எந்தச் சண்டையையும் தேடிப் போனவர்கள் அல்லர். ஏதோ ஓர் அலுவலகத்தில், யாரோ ஒரு குமாஸ்தா, என்றோ ஒரு நாள் எழுதிய ஒரு வரி இவர்களைத் தேடி வந்தது.

அந்த வரி எப்படிப் பிறந்தது என்பதை அறியக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். 1792-ல், திப்பு சுல்தானிடமிருந்து கம்பெனியாரின் கைக்கு மாறிய பாராமகால் பகுதியில், அதாவது இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் சீமையில், அலெக்சாண்டர் ரீடும் அவருக்குத் துணையாக வந்த தாமஸ் மன்றோவும் உருவாக்கிய ரயத்துவாரி முறை, மன்றோ சென்னையின் கவர்னராக வந்த 1820-க்குப் பிறகு இராஜதானியின் பெரும்பகுதிக்கும் பொதுவாயிற்று. இடைத்தரகரான ஜமீன்தார் இல்லாமல் உழவனிடமிருந்தே சர்க்கார் நேராகத் தீர்வை பெறுவது அதன் சாரம். இன்னார் இவ்வளவு நிலத்துக்கு இவ்வளவு செலுத்த வேண்டும் என்று அந்த உழவனுக்குக் கொடுக்கப்பட்ட சீட்டே பட்டா. வசூலுக்காகப் பிறந்த காகிதம் அது. நிலத்தின் சொந்தக்காரர் யார் என்ற கேள்வியைத் தீர்த்துவைக்கும் நோக்கம் அதற்கு அன்று இருந்ததில்லை. ஆனால் தீர்வை அற்பமாகி, நிலத்தின் விலை ஆகாசத்தைத் தொட்டுவிட்ட இக்காலத்தில், வங்கிக் கடனுக்கும் பயிர் நிவாரணத்துக்கும் மின் இணைப்புக்கும் கிரயத்துக்கும் முதற்கண் கேட்கப்படுவது பட்டாவே. தீர்வைக் கணக்கென்று தொடங்கிய ஏட்டின் மேல் உடைமை என்னும் முழுப் பாரத்தையும் ஏற்றிவிட்டு, அந்தப் பாரத்தைத் தாங்கும்படி அந்த ஏட்டை நாம் ஒருநாளும் திருத்தி அமைக்கவில்லை.

திருத்தி அமைக்க ஒரு பெருமுயற்சி நடந்ததும் உண்மை. தமிழ்நாட்டுக் கிராமங்களின் இன்றைய வியாஜ்யங்களில் எத்தனையோ அந்த முயற்சியின் சந்ததிகளே என்பதும் உண்மை. 1979 ஜூனில் தொடங்கி 1987 வரை நடைபெற்ற நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்தை, கிராமத்தார் யூ.டி.ஆர். என்றுதான் சொல்வார்கள். எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டிகூட, "யூ.டி.ஆர்ல பேரு மாறிப்போச்சுங்க" என்று தாலுகா அலுவலகத்தில் மனுவை நீட்டுவதைக் காணலாம். பழைய செட்டில்மெண்டுக் கணக்குகளில் மாண்டவர்களின் பெயர்களே நீடித்திருந்தன. பாகப்பிரிவினைகளும் கிரயங்களும் கணக்கில் ஏறவில்லை. ஏக்கரும் செண்டுமாக இருந்த விஸ்தீரணத்தை ஹெக்டேரும் ஏருமாக மாற்ற வேண்டியிருந்தது. இவையனைத்தையும் ஒரே வீச்சில் செம்மைப்படுத்துவது திட்டத்தின் நோக்கம். அந்த நோக்கத்தைக் குறை சொல்வதற்கில்லை. லட்சக்கணக்கான குடும்பங்களுக்குத் தங்கள் பெயரில் பட்டா கிடைத்தது அந்தத் திட்டத்தால்தான்.

ஆனால் திட்டம் நடுவழியில் இருந்தபோது ஒரு பெரிய மாறுதல் நேர்ந்தது. 1980 நவம்பரில், எம்.ஜி.ஆர். தலைமையிலான அரசு, பரம்பரையாக வந்த கர்ணம், மணியக்காரர் பதவிகளை ஓர் அவசரச் சட்டத்தால் ஒழித்தது; 1982-ல் உச்ச நீதிமன்றமும் அதனைச் செல்லுபடியாக்கியது. பிறப்பினால் அதிகாரம் வாய்த்த அந்தப் பதவிகள் ஒழிந்தது நியாயமே; கர்ணத்தின் எழுதுகோலுக்கு அஞ்சி வாழ்ந்த ஏழைக் குடிகளின் கஷ்டத்தை அறிந்தவர் எவரும் அவற்றுக்காக இரங்க மாட்டார்கள். ஆயினும், எந்தப் புலம் எவர் சுவாதீனத்தில் இருக்கிறது, எந்த உட்பிரிவு வாய்மொழியாய்ப் பிரிந்தது, எந்த ராமசாமி எந்தத் தெரு ராமசாமி என்ற ஞானமெல்லாம் அந்தக் கணக்குப்பிள்ளைகளின் தலைக்குள் இருந்தது. அவர்கள் வெளியேறியபோது அதுவும் அவர்களோடு வெளியேறியது. ஊருக்குப் புதியவர்கள், குறித்த காலத்துக்குள் குறித்த எண்ணிக்கையை முடிக்க வேண்டிய நிர்ப்பந்தத்தில், மேசையிலிருந்தபடியே எழுதி முடித்த பதிவேடுகள் எத்தனை என்று யாரால் சொல்ல முடியும்?

அப்படி எழுதப்பட்ட ஒரு வரி என்ன செய்யும் என்பதைக் கற்பனையாக ஒரு நிலத்தை வைத்துச் சொல்கிறேன்; எந்த ஒரு குடும்பத்தின் கதையும் அன்று இது, ஆயினும் எந்தத் தாலுகாவிலும் நடந்திருக்கக்கூடியது. சர்வே எண் 112, புஞ்சை, 3 ஏக்கர் 40 செண்டு. 1968-ல் அண்ணன் தம்பி இருவரும் பதிவு செய்த பாகப்பிரிவினையின்படி ஆளுக்கு 1 ஏக்கர் 70 செண்டு, நடுவே வரப்பு. யூ.டி.ஆரில் 112/1 என்ற உட்பிரிவு அண்ணன் பெயரில் 0.91.5 ஹெக்டேர் என்றும், 112/2 தம்பி பெயரில் 0.46.0 ஹெக்டேர் என்றும் பதிவாகிவிடுகிறது. ஏக்கரிலும் செண்டிலும் நினைத்துப் பழகிய தம்பிக்கு அந்த எண்கள் ஒன்றும் சொல்லவில்லை. தன் பெயர் பட்டாவில் இருப்பதைப் பார்த்துத் திருப்தியடைந்து, அதை மடித்துப் பெட்டியில் வைத்துவிடுகிறார். 0.46.0 ஹெக்டேர் என்பது 1 ஏக்கர் 14 செண்டுதான் என்பதும், தம்முடைய 56 செண்டு காகிதத்தில் அண்ணனிடம் போய்ச் சேர்ந்துவிட்டது என்பதும் இருபது வருஷம் கழித்து, அண்ணன் மகன் 2 ஏக்கர் 26 செண்டை வெளியூர்க்காரர் ஒருவருக்கு விற்று, அவர் அளவையாளரை அழைத்துக்கொண்டு வந்து வரப்பைத் தாண்டிக் கல் நட முற்படும் அன்றைக்குத்தான் தெரியவருகிறது. இதில் வாங்கியவர் மீதும் பழி சொல்ல இயலாது. பட்டாவைப் பார்த்தார், புலப்படத்தைப் பார்த்தார், வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தார், பணத்தைக் கொடுத்தார்.

தம்பி தாலுகா அலுவலகத்துக்கு நடக்கிறார். அங்கிருந்து கோட்டாட்சியரிடம் அனுப்பப்படுகிறார். அங்கே எதிர்க்கட்சிக்காரர் ஆட்சேபம் தெரிவித்த மாத்திரத்தில், உரிமை பற்றிய தகராறு இருப்பதால் உரிமையியல் நீதிமன்றத்தை அணுகி நிவாரணம் பெறவும் என்று ஒரு செயல்முறை ஆணை வருகிறது. சட்டத்தின் பார்வையில் அந்த ஆணையில் பிழை இல்லை. 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பட்டா பாஸ் புத்தகச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, அதிலுள்ள பதிவுகளை மாறாக நிரூபிக்கப்படும் வரை சரியென்றே கொள்ளச் சொல்கிறது. 14-ஆம் பிரிவு, பதிவைக் குறித்து அரசின் மேல் வழக்கிட முடியாது என்று தடுத்து, உரிமை மறுக்கப்பட்டவர் உரிமை விளம்புகைக்காக வழக்குத் தொடரலாம் என்று வழிவிடுகிறது. உச்ச நீதிமன்றமோ 1996-லும் 1997-லும் 2007-லும் 2021-லும், வெவ்வேறு மாநிலங்களிலிருந்து வந்த வழக்குகளில், வருவாய்க் கணக்கிலுள்ள பெயர் மாற்றம் எவருக்கும் உரிமையை உண்டாக்காது, எவருடைய உரிமையையும் அழிக்காது என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் பொருள் மிகக் கொடுமையானது. பிழையைச் செய்தது சர்க்காரின் ஊழியர். அந்தப் பிழை உரிமையைப் பறிக்கவில்லை என்று சட்டம் ஆறுதல் சொல்கிறது. ஆனால் அதைத் திருத்தும் செலவும், நிரூபிக்கும் சுமையும், காலமும் அந்த உழவன் தலையில். பிழை செய்த சர்க்கார் அந்த வழக்கில் ஒரு பிரதிவாதியாகக்கூடப் பெரும்பாலும் நிற்பதில்லை; அண்ணன் வாரிசும் தம்பி வாரிசும் ஒருவரையொருவர் எதிர்த்து நிற்கிறார்கள்.

பிராது எழுதுவதிலேயே முதல் இடறல் காத்திருக்கிறது. சுவாதீனத்தைக் காப்பாற்ற ஒரு தடையுத்தரவு மட்டும் போதும் என்று கட்டணத்தைச் சிக்கனம் செய்ய நினைத்தால், உரிமையிலேயே மெய்யான ஐயம் எழுப்பப்பட்ட நிலத்துக்கு விளம்புகையும் சேர்த்துக் கேட்டிருக்க வேண்டும் என்ற விதி குறுக்கே வந்து நிற்கும்; அனதுல சுதாகர் வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம் இதனை விரித்துரைத்தது. பத்து வருஷம் கழித்து, கேட்ட பரிகாரம் சரியில்லை என்ற ஒரே காரணத்தால் வழக்குத் தோற்றவர்கள் உண்டு.

பிறகு ஒரு நாள் அட்வகேட் கமிஷனர் வருவார். இந்த நாளைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். நீதிமன்றத்தின் வாரண்டோடு இளம் வழக்கறிஞர் ஒருவர் கமிஷனராக வரப்பில் நிற்கிறார். தாலுகா அளவையாளர் புலப்படத்தின் நகலை விரித்து, காற்றில் பறக்காமல் அதன் மேல் ஒரு மண்ணாங்கட்டியை வைக்கிறார். வாதியின் வழக்கறிஞர் ஒரு மெமோ கொடுக்கிறார், பிரதிவாதியின் வழக்கறிஞர் ஒரு மெமோ கொடுக்கிறார். எல்லைக்கல் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை; உழவு எந்திரம் பெயர்த்ததோ, கைகள் பெயர்த்தனவோ, இரண்டு கட்சியும் இரண்டு விதமாய்ச் சொல்கிறது. ஆகையால் இரண்டு புலம் தாண்டி, வேலமரத்தடியில் அசையாமல் புதைந்திருக்கும் ஒரு கல்லைக் கண்டுபிடித்து, அங்கிருந்து அளந்துகொண்டு வர வேண்டும். உச்சி வெயிலில் சங்கிலி நீள்கிறது. பாத்தியதை உள்ளவர்களும் இல்லாதவர்களுமாக ஊரே திரண்டு நிற்கிறது. பெரியவர் ஒருவர், வண்டிப்பாதை முன்பு எந்தப் பக்கமாய்ப் போயிற்று என்று கையை நீட்டிச் சொல்கிறார், அவர் சொல் சாட்சியம் ஆகாது என்று ஒரு வழக்கறிஞர் இடைமறிக்கிறார். மாலைக்குள் தெரிகிறது: வரப்பு 1968-ஆம் வருஷப் பத்திரத்தின் செக்குபந்திக்கு ஒத்திருக்கிறது, புலப்படத்தின் கோட்டுக்கு ஒத்திருக்கவில்லை. எல்லையும் விஸ்தீரணமும் முரண்படும்போது எல்லையே மேலோங்கும் என்பது நீதிமன்றங்கள் பொதுவாகக் கைக்கொள்ளும் நியதியாதலால், இதுவே தம்பிக்கு வெற்றிக்கு வழி. ஆனால் கமிஷனரின் அறிக்கை தாக்கலாக வேண்டும், அதற்கு ஆட்சேபணை தாக்கலாக வேண்டும், அளவையாளர் சாட்சிக் கூண்டேற வேண்டும், அதற்குள் அவர் வேறு தாலுகாவுக்கு மாற்றலாகியிருப்பார்.

வழக்கு நடக்கும்போதே மனிதர்கள் மாண்டு போகிறார்கள். ஒரு கட்சிக்காரர் காலமானால் 90 நாட்களுக்குள் அவருடைய வாரிசுகளைச் சேர்க்க மனுச் செய்ய வேண்டும். தவறினால் அவரளவில் வழக்கு அற்றுப்போகும். அதை உயிர்ப்பிக்க ஒரு மனு, தாமதத்தை மன்னிக்க ஒரு மனு. ஒருவர் இருந்த இடத்தில் ஏழு வாரிசுகள் வருகிறார்கள். ஒருவர் திருப்பூரில், ஒருவர் துபாயில். ஒவ்வொருவருக்கும் சம்மன் சார்வாக வேண்டும். முன்சீப் கோர்ட்டில் ஜெயித்தவர் சப் கோர்ட்டில் தோற்கலாம். அதன்மேல் உயர் நீதிமன்றத்தில் இரண்டாவது மேல்முறையீடு, சாராம்சமான சட்டக் கேள்வி இருந்தால் மாத்திரம். இறுதியில் டிக்ரி கைக்கு வந்தாலும் அது தானாக நடந்து தாலுகா அலுவலகத்துக்குப் போவதில்லை. டிக்ரியின் நகலோடு கட்சிக்காரரே மறுபடியும் மனு எழுதி, மறுபடியும் அதே மேசையின் முன் நிற்க வேண்டும்.

பெண்களின் கதை இதனினும் கனமானது. 1989 மார்ச் 25 முதல் தமிழ்நாட்டில் இந்துக் கூட்டுக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனோடு சம பங்கு என்று சட்டம் வந்தது, அன்றைக்கு முன்னர் மணமானவர்களை மட்டும் விலக்கி. 2005-ல் மத்தியச் சட்டம் அந்த விலக்கு இல்லாமல் இந்த உரிமையைத் தேசம் முழுவதற்கும் ஆக்கியது. தந்தை உயிரோடிருந்தாரா என்ற தடையையும் 2020-ல் உச்ச நீதிமன்றம் நீக்கிற்று. ஆயினும் பட்டாவில் நுழைந்தவை சகோதரர்களின் பெயர்களே. தகப்பனார் இறந்ததும் அண்ணன்மார் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்வதும், "நீங்க கல்யாணம் ஆகிப் போனவங்கதானே, கையெழுத்துப் போடுங்க" என்று விடுதலைப் பத்திரத்தில் கையொப்பம் வாங்குவதும், அல்லது கேட்காமலே விட்டுவிடுவதும் இன்றும் நடக்கிறது. பாகம் கேட்டு வழக்குப் போடும் சகோதரிக்குத் தாய்வீட்டு வாசல் அடைபடுகிறது. பொங்கல் சீர் நின்றுபோகிறது. ஐந்து ஏக்கரில் தனக்குரிய ஒரு பங்கைக் கேட்டதற்காகச் சகோதரன் வீட்டுத் துக்கத்துக்குப் போக முடியாமல் தெருமுனையில் நின்று அழுதுவிட்டுத் திரும்பிய பெண்மணி ஒருவரை நான் அறிவேன். வருவாய்க் கணக்கு முதலிலேயே அவர் பெயரையும் ஏற்றியிருந்தால், கேட்டவள் என்ற பழி அவருக்கு வந்திராது.

பஞ்சமி நிலங்களைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுத வேண்டும். செங்கல்பட்டுக் கலெக்டர் திரெமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892-ல் தாழ்த்தப்பட்ட மக்களுக்கென்று, பிற சாதியாருக்குக் கைமாற்றக் கூடாது என்ற நிபந்தனையோடு ஒதுக்கப்பட்ட அந்த நிலங்கள், கணக்கில் நிபந்தனை மறைந்து, சாதாரணப் பட்டா நிலங்களாய்த் தோன்றி, பல கை மாறிவிட்டன. நிபந்தனை எழுதப்பட்ட பழைய ஏடு கிடைத்தால் மட்டுமே அவர்களுக்கு வழக்கு உண்டு. அந்த நிலங்களைக் கேட்டு நடந்த போராட்டத்தில் 1994 அக்டோபரில் செங்கல்பட்டுப் பகுதியில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தார்கள்.

கணினி வந்தால் எல்லாம் தீரும் என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. கர்நாடகம் 2000-ல் பூமி திட்டத்தைக் கொண்டுவந்து கணக்கர்களின் கையெழுத்து ஏடுகளுக்கு விடைகொடுத்தது. 2008-ல் மத்திய அரசு தேசமளாவிய நவீனமயத் திட்டத்தைத் தொடங்கிற்று. தமிழ்நாட்டில் இன்று எவரும் வீட்டிலிருந்தபடியே பட்டாவைப் பார்க்கலாம், நகல் எடுக்கலாம். இதனால் லஞ்சமும் அலைச்சலும் குறைந்திருப்பதை மனமார வரவேற்கிறேன். ஆனால் கணினியில் ஏற்றப்பட்டது யூ.டி.ஆரின் பதிவேடு; அதிலிருந்த பிழையும் கூடவே ஏறியது. முன்பு கிராமக் கணக்கில் தூங்கிய தவறு, இப்போது எந்த ஊரிலிருந்தும் பார்த்து எவரும் விலை பேசக்கூடிய நிலையில் இருக்கிறது.

போலி ஆவணங்களை மாவட்டப் பதிவாளரே ரத்துசெய்யும்படி 2022-ல் தமிழ்நாடு அரசு பதிவுச் சட்டத்தில் 77-ஏ பிரிவைச் சேர்த்தது. நீதிமன்றப் படிக்கட்டு ஏறாமல் நியாயம் கிடைக்கிறதே என்று ஜனங்கள் ஆயிரக்கணக்கில் மனுச் செய்தார்கள். உரிமையைத் தீர்மானிக்கும் வேலையை நிர்வாக அதிகாரியிடம் ஒப்படைக்க முடியாது என்று 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. விற்பவர் மூல ஆவணத்தைக் காட்டினால்தான் பதிவு என்ற 55-ஏ விதியையும் 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. எழுதிக் கொடுப்பவருக்கு உரிமை உண்டா என்று ஆராயும் வேலை பதிவாளருடையது அன்று என்பதே காரணம். அதே ஆண்டு நவம்பரில் பீகாரின் இதுபோன்ற விதியும் விழுந்தது. தீர்ப்புகள் சட்டப்படி சரியானவையே என்று நான் கருதுகிறேன். விளைவு மட்டும் இது: பதிவாளருக்கும் அதிகாரம் இல்லை, தாசில்தாருக்கும் அதிகாரம் இல்லை, மறுபடியும் முன்சீப் கோர்ட்டின் தாழ்வாரம்.

உடைமைக்கே அரசு உத்தரவாதம் தரும் முறை வேண்டும் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். 1858-ல் தென் ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டாரன்ஸ் ஏற்படுத்திய முறை அது. 2020-ல் நிதி ஆயோக் நமக்கும் ஒரு மாதிரிச் சட்டம் வரைந்து அனுப்பியது. நல்லதே. எனினும், பிழை மலிந்த ஏட்டின் மேல் உத்தரவாத முத்திரை குத்தினால், யார் பெயர் தவறுதலாய் உள்ளே இருக்கிறதோ அவர் நிரந்தரமாய் உள்ளே இருப்பார். யார் பெயர் விடுபட்டதோ அவர் நிரந்தரமாய் வெளியே நிற்பார். ஆகையால் முதற்காரியம் ஏட்டைச் சரிபார்ப்பது. அதுவும் மனுப் போட்டவனுக்கு மட்டும் அன்று. யூ.டி.ஆருக்கு முந்தைய செட்டில்மெண்டுப் பதிவேட்டையும் அதற்குப் பிந்தைய ‘அ’ பதிவேட்டையும் புலம் புலமாக ஒப்பிட்டு, எந்த ஆவணமும் ஆதாரமும் இல்லாமல் பெயரோ பரப்போ மாறியிருக்கும் இனங்களைச் சர்க்காரே கண்டெடுத்து, பாதிக்கப்பட்டவருக்குத் தானே நோட்டீஸ் கொடுக்க வேண்டும். மாறிய பெயருக்கு ஆதாரம் காட்டும் சுமை அந்த மாற்றத்தால் பயனடைந்தவர் மீது இருக்க வேண்டும். அவ்வப்போது நடத்தப்படும் திருத்த முகாம்களில் இதற்கான வேலைமுறை முன்பே பழகியிருக்கிறது. பழகாதது சர்க்கார் தானாக முன்வருவது மட்டும்தான்.

பழைய பதிவேடுகளின் கதியை எண்ணினால் காலதாமதத்துக்கு இடமில்லை என்பது விளங்கும். மாவட்ட ஆவணக் காப்பறைகளில் அந்தப் புத்தகங்கள் புரட்டும்போதே விளிம்பு உதிரும் நிலையில் இருக்கின்றன. சில கிராமங்களுக்குப் பக்கங்களே இல்லை என்று சான்று தருகிறார்கள். ஒரு பக்கம் போனால் அந்தப் பக்கத்திலிருந்த இருபது குடும்பங்களின் வழக்கும் போயிற்று. அவற்றைப் படமெடுத்து வெளியிடுவது, புதிய பட்டாவை வெளியிட்டதைவிட அவசரமான வேலை.

வருவாய் ஆண்டான பசலி ஜூன் 30-ல் முடிகிறது. அதையொட்டி ஒவ்வொரு தாலுகாவிலும் ஜமாபந்தி கூடுகிறது. கலெக்டரோ அவருடைய பிரதிநிதியோ அமர்ந்து, கிராமக் கணக்குகளைத் தணிக்கை செய்து, மனுக்களை வாங்கும் அந்த மன்றம் ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது. அங்கே ஆண்டுக்குச் சில கிராமங்களாக, பழைய பதிவேட்டையும் புதிய பதிவேட்டையும் அருகருகே வைத்து, ஏக்கர் செண்டு கணக்கிலேயே ஊரார் முன்னிலையில் உரக்க வாசித்து, வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளச் செய்ய ஓர் அரசாணையே போதும், புதிய சட்டம் வேண்டியதில்லை என்பது என் துணிபு.